கத்தி பட்ட ஃபிரிட்ஜும் வாசனை இல்லாத கேஸும்

கேள்வி: “கோழிகளுக்கான வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்தை வீட்டு ஃபிரிட்ஜில் வைத்திருந்தோம். ஃப்ரீசரில் கட்டியிருந்த ஐஸைக் கத்தியால் பெயர்த்தபோது ‘உஸ்’ என்று ஏதோ வெளியேறியது. வாசனை இல்லை. அதன்பிறகு குளிர்ச்சியும் இல்லை. சமையல் கேஸையே ஏற்றினால் செலவு குறையும் என்கிறார் மெக்கானிக். ஏற்றலாமா?”
- வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: ஏற்றக் கூடாது. ஃபிரிட்ஜின் பின்புறம், கம்ப்ரசர் மேல் ஒட்டியிருக்கும் தாளில் ‘ஆர் 600ஏ’ என்று இருந்தால் உள்ளே ஓடுவது ஐசோபியூட்டேன். பழைய ஃபிரிட்ஜ்களில் இருந்த ஆர் 134ஏ எளிதில் தீப்பிடிக்காது. ஆனால் பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் வீரியமுள்ளது. அதனால்தான் மாற்றினார்கள்.

சமையல் கேஸும் இதுவும் ஒரே குடும்பம் என்று மெக்கானிக் நினைப்பதில் பாதி உண்மை உண்டு. பியூட்டேனில் 4 கார்பன் அணுக்கள் வரிசையாக நிற்கும். ஐசோபியூட்டேனில் அதே நான்கும் கிளைவிட்டு நிற்கும். அந்தக் கிளையால் கொதிநிலை மைனஸ் 0.5 டிகிரியிலிருந்து மைனஸ் 11.7 டிகிரிக்கு இறங்குகிறது. கம்ப்ரசரை இந்த ஒரு வாயுவின் அழுத்தத்துக்கு அளந்துதான் செய்திருக்கிறார்கள். சமையல் கேஸில் புரொப்பேனும் கலந்திருக்கும். 40 டிகிரி வெயிலில் புரொப்பேனின் அழுத்தம் ஐசோபியூட்டேனைப் போல இரண்டரை மடங்கு. கலவையும் சிலிண்டருக்குச் சிலிண்டர் மாறும். வீட்டுச் சிலிண்டரிலிருந்து இப்படிக் கேஸை மாற்றுவதைச் சட்டமும் அனுமதிப்பதில்லை.

வாசனை விஷயத்துக்கு வருவோம். சமையல் கேஸில் நாற்றம் வருவது, கசிந்தால் தெரியட்டும் என்று சேர்க்கும் மெர்காப்டானால். ஃபிரிட்ஜ் கேஸில் அதைச் சேர்ப்பதில்லை. மூக்கை நம்ப முடியாது. வீட்டு ஃபிரிட்ஜில் இருப்பது சுமார் 50 கிராம்தான். ஆனால் காற்றில் 1.8 முதல் 8.4 சதவீதம் கலந்தாலே தீப்பிடிக்கும். மூடிய 190 லிட்டர் பெட்டிக்குள் 8 கிராம் கசிந்தாலே அந்த அளவு வந்துவிடும். தெர்மோஸ்டாட்டோ கதவு விளக்கின் சுவிட்சோ விடும் சிறு பொறி போதும். காற்றைவிட இரண்டு மடங்கு கனமானது என்பதால் கதவைத் திறந்ததும் தரையோடு பரவி அடுப்பங்கரைக்குப் போகும். கிராமத்து வீடுகளில் ஃபிரிட்ஜும் அடுப்பும் பெரும்பாலும் ஒரே அறையில்தானே!

‘உஸ்’ சத்தம் கேட்டால் முதலில் அடுப்பையும் விளக்கையும் அணைக்க வேண்டும். கதவு, ஜன்னல்களைத் திறந்துவைத்து எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும். சுவிட்சைத் தொடக் கூடாது, பிளக்கைப் பிடுங்கவும் கூடாது. பிடுங்கும்போதும் பொறி வரும். மெயின் சுவிட்ச் வீட்டுக்கு வெளியே இருந்தால் அங்கே அணைக்கலாம்.

பழுது பார்ப்பவர் ஆர் 600ஏ-யில் பழகியவராக இருக்கட்டும். மிச்ச கேஸை வெட்டவெளியில் வெளியேற்றி, நைட்ரஜன் விட்டுச் சுத்தம் செய்யாமல் குழாயில் டார்ச் வைக்கக் கூடாது. புதுக் கேஸைத் தராசில் வைத்து, தாளில் போட்டிருக்கும் கிராம் அளவுக்கே ஏற்ற வேண்டும். இனி ஐஸ் கட்டினால் ஃபிரிட்ஜை அணைத்து, தானே உருக விட்டால் போதும்.

தடுப்பு மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டியது. குளிர் போன ஃபிரிட்ஜில் கிடந்ததைக் கோழிகளுக்குப் போட வேண்டாம். போட்டாலும் நோய் தாக்கலாம். கால்நடை மருந்தகத்தில் புது மருந்து கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.