தலையாட்டும் நாயும் எழுபது சதவீதமும்

டிஸ்கி: இது ஒரு பி.காம் மாணவனின் புலம்பல். வரி, சட்டம் என்றாலே கொட்டாவி வருபவர்கள் இப்போதே எஸ்கேப் ஆகிவிடலாம். அப்புறம் என்னைத் திட்டக்கூடாது :-)

எங்க வீட்டு ஃப்ரிட்ஜ் மேல ஒரு பிளாஸ்டிக் நாய் இருக்கு. கழுத்துல ஒரு ஸ்பிரிங். தட்டினா தலையை ஆட்டும். தஞ்சாவூர் தலையாட்டி பொம்மைக்கு சீனாவில் பிறந்த ஒன்றுவிட்ட தம்பின்னு வெச்சுக்கோங்க.

கேள்வி இதுதான். இந்த நாய் என்ன பொருள்?

அம்மாவைக் கேட்டா "அழகுக்கு வெச்சிருக்கேன்"னு சொல்றாங்க. அக்கா பையனைக் கேட்டா விளையாட்டு சாமான். என்னைக் கேட்டா தூசி படிய ஒரு இடம். வீட்டுக்குள்ள மூணு பதிலும் இருக்கலாம், ஒண்ணும் குடி முழுகாது. துறைமுகத்துல அப்படி இல்லை மக்களே. அங்கே ஒரு பதில்தான் செல்லும். அந்த ஒரு பதிலில்தான் எங்க மாமா மாட்டினார்.

மாமா மதுரையில் சின்னதா ஒரு ஃபேன்ஸி கடை வெச்சிருக்கார். அவரை மாதிரி நாலு கடைக்காரர்கள் சேர்ந்து பங்கு போட்டு ஒரு கன்டெய்னரில் சரக்கு இறக்கினாங்க. அவர் பங்கில் இந்த நாய்கள் இரண்டாயிரம், மதிப்பு ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய். கிளியரிங் ஏஜென்ட் இதை 3926 என்ற தலைப்பில், "பிளாஸ்டிக் சிலைகள், அலங்காரப் பொருட்கள்" என்ற இடத்தில் காட்டினார். அதிகாரி நாயின் தலையை ஒரு தட்டு தட்டிப் பார்த்தார். ஆடியது. "இது பொம்மை, 9503" என்றார். (எந்தத் துறைமுகம்னு கேக்காதீங்க, மாமா இன்னும் தொழில் பண்ணணும்.)

எண் மாறினா என்ன ஆகும்? பொம்மைகள் மீதான அடிப்படை சுங்க வரி 2020 பட்ஜெட்டில் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது. 2023இல் 70 ஆனது. மாமா சரக்குக்கு 84,000 ரூபாய். அலங்காரப் பொருள் என்றால் அதில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. சரி, கட்டித் தொலைப்போம் என்றாலும் முடியாது. 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். அந்த உரிமத்தைப் பொம்மை செய்கிற தொழிற்சாலைதான் வாங்க முடியும், மதுரையில் கடை வெச்சிருக்கிற மாமா வாங்க முடியாது. ஆக, பணம் கொடுத்தாலும் நாய் வெளியே வராது.

இப்போ கொஞ்சம் பாடம். உலக சுங்க அமைப்பு 1988இல் கொண்டு வந்த ஒரு பெரிய பட்டியல் இருக்கு. உலகத்தில் விற்கிற எல்லாப் பொருளுக்கும் ஆறு இலக்க எண். நம்ம நாடு கூட ரெண்டு இலக்கம் சேர்த்து எட்டாக்கி வெச்சிருக்கு. இதில் 39ஆம் அத்தியாயம் பிளாஸ்டிக். 95ஆம் அத்தியாயம் பொம்மை, விளையாட்டு. 39இன் ஆரம்பத்திலேயே ஒரு குறிப்பு, 95க்குள் போகும் பொருள் எதுவும் இங்கே வராது என்கிறது. ஆகவே முதலில் தீர்க்க வேண்டிய கேள்வி, இது பொம்மையா இல்லையா என்பதுதான். நாய் எதனால் செய்யப்பட்டது என்பது அதற்கு அப்புறம்.

பொம்மை என்றால் என்ன? இங்கேதான் வேடிக்கை. சுங்கப் பட்டியலின் விளக்கக் குறிப்பின்படி, மனிதர்கள் பொழுதுபோக்குவதற்கான பொருள் பொம்மை. குழந்தைகளாகவும் இருக்கலாம், பெரியவர்களாகவும் இருக்கலாம். தரக் கட்டுப்பாட்டு ஆணையின்படியோ, 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் விளையாடுவதற்காக வடிவமைத்தது அல்லது தெளிவாக அப்படிக் கருதப்படுவது மட்டுமே பொம்மை. ஒரே அரசாங்கம், ஒரே நாய், ரெண்டு விளக்கம். முதல் விளக்கத்தில் விழுந்த பொருள் ரெண்டாவதிலும் விழணும்னு எந்தக் கட்டாயமும் கிடையாது. ஆனா அந்த மேசையில் "95ன்னா ஐ.எஸ்.ஐ. எங்கே?" என்றுதான் கேட்டாங்க.

"ஏன் எதிர்த்து வாதாடலை?" என்று நீங்க கேட்கலாம். நானும் கேட்டேன். சட்டத்தில் வழி இருக்கு. அதிகாரி மாற்றிய வகைப்பாட்டை ஏற்கவில்லை என்றால், 15 நாளுக்குள் காரணங்களோடு எழுத்தில் உத்தரவு தரணும். மேல்முறையீடு போகலாம். மாமா சொன்ன பதில்: "மாப்ள, சட்டம் நாளை எண்ணுது, கிட்டங்கிக்காரன் வாடகையை எண்ணுறான்." மற்ற நாலு பேர் சரக்கும் அதே கன்டெய்னர். கடைசியில் சரக்கே வேண்டாம் என்று உரிமையை விட்டுக்கொடுத்து எழுதிக்கொடுத்துட்டு வந்தார். அதற்கும் சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கு, 23. எவ்வளவு கருணை பாருங்க!

இதை வகுப்பில் சொன்னபோது ஒரு நண்பன், "உங்க மாமா வரி ஏய்க்கப் பார்த்திருக்கார், மாட்டிக்கிட்டார்" என்றான். இந்தப் பதிவே அவனுக்காகத்தான்.

நண்பா, நிஜப் பொம்மைகளை "வீட்டு உபயோகப் பொருள்" என்று காட்டி இறக்குகிறவர்கள் இருக்காங்க. மறுக்கலை. ஆனா அந்தத் திருட்டுக்குத் தூண்டில் போட்டது யார்? பக்கத்துப் பக்கத்து ரெண்டு எண்களுக்கு நடுவில் இவ்வளவு பெரிய பள்ளத்தை வெட்டினால், திருடன் குறைந்த வரிக்குத் தாவுவான். அதனால் அதிகாரி எல்லாரையும் திருடனாகப் பார்ப்பார். நடுவில் நேர்மையாக "ஸ்பிரிங் வைத்த பிளாஸ்டிக் நாய்" என்று எழுதியவன் பள்ளத்தில் விழுவான். மாமா பொருளின் விவரத்தில் பொய் சொல்லலை. எண்ணில்தான் கருத்து வேறுபாடு. வரிச்சலுகை கேட்பது இறக்குமதியாளரின் நம்பிக்கை சார்ந்த விஷயம், அது பொய் விவரம் ஆகாது என்று 1998லேயே நார்தர்ன் பிளாஸ்டிக் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு.

அடுத்த வாதம், குழந்தைகள் பாதுகாப்பு. இதை நான் முழுசா ஒத்துக்கறேன். 2019இல் இந்தியத் தரக் குழுமம் சோதித்த இறக்குமதி பொம்மைகளில் மூன்றில் இரண்டு பங்கு தேறவில்லை. குழந்தை வாயில் வைக்கிற பொருளில் விஷம் இருந்தால் தடுக்கத்தான் வேணும். அதற்குத்தான் தரச் சோதனை. 70 சதவீத வரி எதற்கு? வரி கட்டினால் பெயின்டில் உள்ள ஈயம் கரைந்து போய்விடுமா? வரி உள்ளூர் ஆலைகளைக் காப்பாற்றுவதற்கு, முத்திரை குழந்தைகளைக் காப்பாற்றுவதற்கு. ரெண்டையும் ஒரே மூட்டையில் கட்டி "பாதுகாப்பு" என்று பெயர் எழுதுவதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

இது நம்ம ஊர் வியாதி மட்டும் இல்லை. அமெரிக்காவில் டாய் பிஸ் என்ற கம்பெனி எக்ஸ்-மென் பொம்மைகளை இறக்கியது. மனித உருவம் என்றால் 12 சதவீதம், மற்ற பொம்மை என்றால் 6.8. எக்ஸ்-மென் மனிதர்களா இல்லையா என்று வருஷக்கணக்கில் வழக்கு நடந்து, 2003இல் "மனிதர்கள் இல்லை" என்று தீர்ப்பு வந்தது. கை நுழைக்கிற ஸ்னக்கி போர்வை உடையா (14.9) போர்வையா (8.5) என்று இன்னொரு வழக்கு. 2017இல் போர்வை என்று தீர்ந்தது. கேட்க காமெடியா இருக்கும். ஆனா ரெண்டு எண்ணுக்கும் ஒரே வரி என்றால் எந்தக் கம்பெனி வக்கீல் வைத்து அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கும்?

மனித பொம்மை, மற்ற பொம்மை சண்டை எப்படி முடிந்தது தெரியுமா? புத்திசாலி அதிகாரிகள் வந்ததால் இல்லை. 2007இல் உலகப் பட்டியலைத் திருத்தியபோது இரண்டு தலைப்புகளையும் 9503 என்ற ஒன்றாகச் சேர்த்துட்டாங்க. கோடு போச்சு, சண்டையும் போச்சு. இதுதான் என் கட்சி.

ஆகவே நான் கேட்பது மூன்று. ஒன்று, பக்கத்துப் பக்கத்துத் தலைப்புகளின் வரி இடைவெளியைச் சுருக்குங்கள். இரண்டு, 9503 என்றாலே ஐ.எஸ்.ஐ. என்று முடிவு கட்டாமல், தர ஆணையின் சொந்த விளக்கத்தின்படி தனியாகப் பாருங்கள். மூன்று, முன்கூட்டியே வகைப்பாடு கேட்டுப் பெற தில்லியிலும் மும்பையிலும் ஆணையம் இருக்கு. ஆனா அந்தத் தீர்ப்பு கேட்டவரை மட்டுமே கட்டுப்படுத்தும். அதே பொருளை இறக்கும் எல்லாருக்கும் செல்லும்படி செய்யுங்கள். இரண்டாயிரம் நாய்க்காக மாமா தில்லிக்குப் போக முடியாது.

நம்ம பாடத்தில் இந்த வகைப்பாடு ரெண்டு மார்க் கேள்வி. மாமாவுக்கு அது ஒரு லட்சத்து இருபதாயிரம், கூடவே வாடகையும்.

சாம்பிளா வந்த நாய் ஒண்ணுதான் எங்க ஃப்ரிட்ஜ் மேல இருக்கு. இன்னொண்ணு மாமா கடை கல்லாப்பெட்டி மேல. யார் எதைக் கேட்டாலும் ஆமாம் ஆமாம்னு தலையாட்டுது. நாம ஆட்ட வேண்டாமே.

நீங்க என்ன சொல்றீங்க? அது பொம்மையா, அலங்காரமா? பதில் சொல்லும்போது வரி விகிதத்தை மறந்துட்டுச் சொல்லிப் பாருங்க.