சிறிய கல்லூரிகளுக்கும் தேசியக் கோப்பை: அமெரிக்க முறை இந்தியாவுக்குப் பொருந்துமா?

வித்துரா (கேரளம்): படிப்புக்காகச் சேர்ந்த மாணவர்களைக் கொண்ட ஒரு சிறிய கல்லூரி, விளையாட்டில் தேசிய சாம்பியனாக முடியுமா? அமெரிக்காவில் இதற்கென அரை நூற்றாண்டாகத் தனிப் போட்டி நடைபெறுகிறது. இந்தியாவிலோ அந்த வழி இன்னும் முழுமையாகத் திறக்கவில்லை.

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு, 1973-இல் கல்லூரிகளை மூன்று பிரிவுகளாக வகுத்தது. மூன்றாம் பிரிவில் உள்ள கல்லூரிகள் விளையாட்டுத் திறனுக்காக உதவித்தொகை வழங்கக் கூடாது. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஆடும் அமெரிக்கக் கால்பந்தில், இப்பிரிவுக்கெனத் தனி நாக்-அவுட் சுற்று உண்டு. இறுதிப்போட்டியின் பெயர் 'ஸ்டாக் பவுல்'.

2024-இல் இச்சுற்றில் பங்கேற்கும் அணிகளின் எண்ணிக்கை 32-இலிருந்து 40-ஆக உயர்த்தப்பட்டது. வட்டார லீக் சாம்பியன்களுக்கு நேரடி இடம் கிடைக்கிறது. இறுதிப்போட்டி தவிர்த்த ஆட்டங்கள் கல்லூரி மைதானங்களிலேயே நடைபெறுவதால், சிற்றூர்களும் தேசியப் போட்டியை நேரில் காண்கின்றன. செலவைக் குறைக்க, சுமார் 800 கி.மீ. தொலைவுக்குள் உள்ள அணிகள் பெரும்பாலும் பேருந்திலேயே பயணம் செய்கின்றன.

இடைவெளி ஏன் பெரிதாகிறது?

முதல் பிரிவில் நிலைமை முற்றிலும் வேறு. நீதிமன்றம் ஏற்ற சமரசத் தீர்வின்படி, 2025 ஜூலை முதல் அப்பிரிவுக் கல்லூரிகள் வீரர்களுக்கு நேரடியாகப் பணம் வழங்கலாம். முதல் ஆண்டுக்கான உச்சவரம்பு ஒரு கல்லூரிக்குச் சுமார் 2.05 கோடி டாலர். இத்தகைய நிறுவனங்களுடன் சில ஆயிரம் மாணவர்களே பயிலும் கல்லூரியை மோதவிடுவது போட்டியாகாது. சமமானவர்களைச் சமமானவர்களுடன் ஆடவைப்பதே இந்தப் பகுப்பின் அடிப்படை.

இந்தியாவில் நிலை என்ன?

இந்தியாவில் அதிகாரப்பூர்வத் தேசியப் போட்டிகளின் அலகு கல்லூரி அன்று, பல்கலைக்கழகம். இந்தியப் பல்கலைக்கழகங்கள் சங்கம் மண்டல வாரியாகவும், பின்னர் அகில இந்திய அளவிலும் போட்டிகளை நடத்துகிறது. 2020-இல் புவனேசுவரத்தில் தொடங்கிய கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுகளும் இதே அடிப்படையிலானவை. கேரளம், கோழிக்கோடு போன்ற பல்கலைக்கழகங்கள் தம்முடன் இணைந்த கல்லூரிகள் அனைத்திலிருந்தும் சிறந்த வீரர்களைத் தேர்ந்தெடுக்கின்றன. திறமையான மாணவருக்கு இதனால் பயன் உண்டு. ஆனால் அவரது கல்லூரி தன் பெயரில் தேசிய அரங்கில் நிற்பதில்லை.

பொன்முடி அடிவாரத்தில் வித்துராவில் அமைந்துள்ள திருவனந்தபுரம் ஐசர், இச்சிக்கலின் மற்றொரு முகம். 2008-இல் தொடங்கப்பட்ட இந்த அறிவியல் கல்வி நிறுவனம் தானே பட்டம் வழங்குகிறது. இணைப்புக் கல்லூரிகள் இல்லை. பெரிய பல்கலைக்கழகத்தின் தேர்ந்தெடுத்த அணியை, ஒரே வளாகத்து மாணவர்களைக் கொண்டு எதிர்கொள்வது கடினம்.

இதற்கு மாற்றாகவே ஐசர் நிறுவனங்களுக்கு இடையிலான விளையாட்டுப் போட்டிகள் நடத்தப்படுகின்றன. ஐ.ஐ.டி.க்களிடையே இத்தகைய போட்டி 1961 முதலே நடந்துவருகிறது. பெயர் வேறாயினும், மூன்றாம் பிரிவின் கொள்கை இங்கு ஏற்கெனவே நடைமுறையில் உள்ளது. ஆனால் அது மத்திய அரசு நிறுவனங்களின் வட்டத்துக்குள் நின்றுவிடுகிறது. நெடுமங்காட்டிலோ நாகர்கோவிலிலோ உள்ள ஒரு கலைக் கல்லூரிக்கு அந்த வாய்ப்பு இல்லை. தனியார் அமைப்புகள் நடத்தும் கல்லூரிப் போட்டிகள், விளம்பரதாரரின் ஆதரவு உள்ளவரைதான் நீடிக்கும்.

பகுப்பு மட்டும் போதாது

அமெரிக்க முறையும் குறையற்றதன்று. 2005 முதல் 2014 வரையிலான 10 இறுதிப்போட்டிகளில் ஒன்பதில், ஒகாயோவின் மவுன்ட் யூனியனும் விஸ்கான்சின்-ஒயிட்வாட்டரும் மட்டுமே மோதின. உதவித்தொகை இல்லாவிட்டாலும் பயிற்சியாளர், மைதானம், மரபு ஆகியவை வலிமையைக் குவிக்கின்றன. ஆயினும் புதியவர்களுக்குக் கதவு மூடப்படவில்லை. 2023-இல் நியூயார்க் மாநிலத்தின் கோர்ட்லண்ட், நடப்பு சாம்பியன் நார்த் சென்ட்ரலை 38-37 என வீழ்த்தித் தன் முதல் கோப்பையை வென்றது.

இந்தியா இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த விளையாட்டை அன்று, அமைப்பைத்தான். விளையாட்டு ஒதுக்கீட்டில் மாணவர்களைச் சேர்க்காத கல்லூரிகளுக்கு மாவட்ட, மாநில அளவில் தனிப் பிரிவு அமைத்து, அதன் வெற்றியாளர்களைத் தேசியச் சுற்றுக்கு அனுப்பலாம். முதல் சுற்றுகளைக் கல்லூரி மைதானங்களில் நடத்தினால் செலவும் கட்டுக்குள் இருக்கும்.

மாணவர்களில் மிகச் சிலரே தொழில்முறை வீரர்களாகின்றனர். எஞ்சியோருக்குக் கல்லூரிக் காலமே போட்டி விளையாட்டின் கடைசி வாய்ப்பு. அவர்களுக்கும் வெல்லத்தக்க ஒரு கோப்பை இருக்க வேண்டுமா என்பதே விளையாட்டுத் துறையும் பல்கலைக்கழகங்களும் முடிவு செய்ய வேண்டிய கேள்வி.