13 பேரை வைத்துச் செய்த அளவுகோல்

உளவியல் மதிப்பீட்டை, பாலினத்திலும் பாலீர்ப்பிலும் 'இயல்பு' எனப்படுவதைக் கேள்வி கேட்கும் குயர் கோட்பாட்டின் வழியாகப் பார்க்க வேண்டும் என்று யாராவது சொன்னால் போதும், உடனே பதில் வந்துவிடுகிறது: சோதனை என்பது அறிவியல் கருவி, அதற்கு ஆண் பெண் என்ற சார்பு கிடையாது, அரசியலை வெளியே வையுங்கள். துறைக்குள்ளேயே படித்துப் பட்டம் பெற்றவர்கள் இவ்வளவு நிம்மதியாக இதைச் சொல்வதுதான் தாங்க முடியவில்லை. உலகெங்கும் பயன்படும் ஆளுமைச் சோதனையான எம்எம்பிஐயை எடுத்துக்கொள்வோம். மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஹாதவேயும் மெக்கின்லியும் 1940களில் அதை உருவாக்கினார்கள். அதன் ஐந்தாம் அளவுகோலின் பெயர் 'ஆண்மை–பெண்மை'. தன்பாலீர்ப்புள்ள ஆண்களை இனங்காண்பதே அதன் தொடக்க நோக்கம். அதற்கு அடிப்படையாக அவர்கள் எடுத்துக்கொண்டது அத்தகைய 13 ஆண்களை. ஒப்பிட்டுப் பார்க்க 54 படைவீரர்கள், விமான நிறுவனத்தில் வேலைபார்த்த 67 பெண்கள். தன்பாலீர்ப்புள்ள பெண்களுக்கென்று ஓர் அளவுகோல் செய்யப் பார்த்து அது கைகூடாமல் போனபின், ஆண்களுடையதையே தலைகீழாகத் திருப்பிப் பெண்களுக்கும் பயன்படுத்தினார்கள். கவிதை பிடிக்கும் என்று பதில் எழுதிய ஆணுக்கு மதிப்பெண் ஏறும். இயந்திரங்களைப் பற்றிய இதழ்கள் பிடிக்கும் என்று எழுதிய பெண்ணுக்கும் ஏறும். சார்பில்லாத கருவி என்று இதைத்தான் சொல்கிறார்களா?

அதெல்லாம் பழைய கதை, அறிவியல் தன்னைத் தானே திருத்திக்கொண்டுவிட்டது என்பார்கள். எப்போது திருத்திக்கொண்டது? 1957இல் வெளியான ஆய்வில் உளவியலாளர் ஈவ்லின் ஹூக்கர் 30 தன்பாலீர்ப்புள்ள ஆண்களையும் 30 எதிர்பாலீர்ப்புள்ள ஆண்களையும் ஒரே சோதனைகளுக்கு உட்படுத்தி, பெயரும் அடையாளமும் நீக்கிய பதில்களை அத்துறையின் முதல்தர வல்லுநர்களிடம் கொடுத்தார். அவர்களால் பிரித்தறிய முடியவில்லை. 1969இல் உளவியலாளர்களான சாப்மன் இணையர் இன்னும் ஆழமாகத் தோண்டினார்கள். ரோர்ஷாக் சோதனையின் மைத்தடங்களில் தன்பாலீர்ப்பின் அறிகுறிகள் என்று மருத்துவ உளவியலாளர்கள் நம்பிவந்தவை பெரும்பாலும் ஆதாரமற்றவை. எந்தத் தொடர்பும் இல்லாதபடி கலைத்துக் கொடுத்த தரவுகளிலும் பயிற்சியே இல்லாத மாணவர்கள் அதே அறிகுறிகளைக் 'கண்டுபிடித்தார்கள்'. சமூகம் முன்பே மனத்தில் பதித்துவைத்திருந்ததைத்தான் நிபுணரும் மாணவரும் மைத்தடத்தில் பார்த்தார்கள். இத்தனைக்கும் பிறகு, 1989இல் எம்எம்பிஐயைத் திருத்தி வெளியிட்டபோது ஐந்தாம் அளவுகோல் போகவில்லை. 56 கேள்விகளோடு அதில் நீடித்தது. 2008இல் வந்த புதிய வடிவத்தில்தான் விடுபட்டது. அந்த 13 பேரை வைத்து எழுந்த ஒன்றைக் கைவிட அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. தானாகத் திருந்துவதன் வேகம் இதுதான் என்றால், வெளியிலிருந்து கேள்வி கேட்பவர்களை விரட்ட இவர்களுக்கு என்ன உரிமை இருக்கிறது?

குயர் கோட்பாடு புரியாத சொற்களின் காடு என்ற குற்றச்சாட்டும் உண்டு. அதன் முக்கியச் சிந்தனையாளர் ஜூடித் பட்லரின் நடை கடினம்தான், மறுக்கவில்லை. ஆனால் மதிப்பீட்டு அறையில் அக்கோட்பாடு கேட்பது மிக எளிய கேள்வி: இயல்பு என்று நீங்கள் வகுத்த கோட்டை யாரை வைத்து வகுத்தீர்கள்? அந்த 13 பேரைப் பற்றி இந்தக் கேள்வியை அன்றே உரக்கக் கேட்டிருந்தால் எத்தனையோ பேரின் கோப்புகளில் அந்த மதிப்பெண் ஏறியிருக்காது. கேள்வி இன்றும் தீரவில்லை. ஆண் பெண் சராசரிகள் வேறுபடுகின்றன, ஆகவே மதிப்பெண்களை ஒப்பிடத் தனித்தனி அட்டவணைகள் புள்ளியியலின் தேவை என்கிறார்கள். சரி, ஒரு திருநங்கையின் பதில்களை எந்த அட்டவணையில் வைத்துப் பார்ப்பீர்கள்? அதே விடைகள் ஓர் அட்டவணையில் கவலைக்குரிய உயரத்துக்கும் மற்றொன்றில் சாதாரண அளவுக்கும் வந்து நிற்கக்கூடும். அந்தத் தேர்வைச் செய்வது சோதிப்பவரின் கை. கணக்கு அதன் பிறகுதான் தொடங்குகிறது.

இந்தப் பிடிவாதம் உளவியலோடு நிற்பதில்லை, மருத்துவத்திலும் உண்டு. பாலீர்ப்பை மாற்றும் சிகிச்சை முயற்சிகளைத் தடுக்க 2021இல் சுஷ்மா வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட வேண்டியிருந்தது. அந்த வழக்கின் தொடர்ச்சியாகத்தான் தேசிய மருத்துவ ஆணையம் அத்தகைய சிகிச்சையைத் தொழில்முறைத் தவறு என்று அறிவித்தது. மருத்துவ மாணவர்களின் பாடங்களில் பால்புதுமையினரை இழிவாகக் காட்டும் பகுதிகளைப் பற்றிப் பேசவும் நீதிமன்றமே முன்வர வேண்டியிருந்தது. நிபுணர்கள் தாங்களாகச் செய்திருக்க வேண்டிய வேலை இது. குறைந்தபட்சம் ஒன்றை நாளையே தொடங்கலாம்: ஒவ்வொரு மதிப்பீட்டு அறிக்கையிலும் எந்த அட்டவணை, எந்த மக்களை வைத்து உருவானது, இந்த நபருக்கு அதை ஏன் தேர்ந்தெடுத்தோம் என்று எழுத வேண்டும், சோதிக்கப்பட்டவர் கேட்டால் அதை அவருக்குப் படித்துக் காட்டவும் வேண்டும்.