வரிசையில் நிற்போருக்கு யார் துணை?

வேலைக்காகவும் குடியேற்றத்துக்காகவும் வெளிநாடு செல்லும் இந்தியர்களில் ஒரு சாராரை நிறுவனங்கள் அனுப்பி வைக்கின்றன. இன்னொரு சாராரை அங்குள்ள உறவினர்கள் அழைத்துக் கொள்கின்றனர். அனுப்புவோரும் அழைப்போரும் இன்றி, கற்ற கல்வியையும் தொழில் அனுபவத்தையும் மட்டுமே நம்பி நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்கும் மூன்றாவது சாராரும் உண்டு. முதல் இரு சாராருக்காகவும் பேசுவதற்கு யாரேனும் இருக்கின்றனர். மூன்றாமவருக்காகப் பேச எவரும் இல்லை.

சிபாரிசுக்கு இடமின்றி வயது, கல்வி, மொழித்திறன், அனுபவம் ஆகியவற்றுக்குப் புள்ளிகள் வழங்கும் முறையை 1967-இல் கனடா அறிமுகப்படுத்தியது. இது நேர்மையான ஏற்பாடு என்பதில் ஐயமில்லை. ஆனால், 2015 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த 'எக்ஸ்பிரஸ் என்ட்ரி' திட்டத்தில், வெளிநாட்டிலிருந்து விண்ணப்பிக்கும் திறன்மிகு பணியாளர் நூற்றுக்கு 67 புள்ளிகள் பெறுவது வரிசையில் நிற்பதற்கான தகுதி மட்டுமே. அதன்பின் 1,200 புள்ளிகள் கொண்ட மற்றொரு தரவரிசை உண்டு. அழைப்பு பெறத் தேவையான புள்ளி எவ்வளவு என்பது ஒவ்வொரு சுற்று முடிவிலும்தான் தெரியவரும்.

இதில் காத்திருப்பதே இழப்பாகிவிடுகிறது. மணமாகாத ஒருவருக்கு 29 வயது வரை கிடைக்கும் 110 புள்ளிகள், 30 வயது முதல் ஆண்டுதோறும் குறைந்து, 45 வயதில் பூஜ்ஜியமாகின்றன. ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வு முடிவும் இரண்டு ஆண்டுகளுக்கே செல்லும். இந்நிலையில், கொரோனா காலத்தில் 2020 டிசம்பர் இறுதி முதல் 2022 ஜூலை வரை இப்பிரிவினருக்கு ஓர் அழைப்பும் விடுக்கப்படவில்லை. அதே காலத்தில், 2021 பிப்ரவரியில் ஒரே நாளில், கனடாவில் பணி அனுபவம் பெற்ற 27,332 பேர் 75 புள்ளிகள் என்ற அளவிலேயே அழைக்கப்பட்டனர். மீண்டும் அனைவருக்குமான சுற்று தொடங்கியபோது தேவைப்பட்டதோ 557 புள்ளிகள். பெருந்தொற்றின் நெருக்கடி புரிந்துகொள்ளக் கூடியதே. ஆனால் காத்திருந்தோர் வயதால் இழந்த புள்ளிகளை எவரும் ஈடுசெய்யவில்லை.

இதைவிடக் கடுமையானது 2012-இல் நிகழ்ந்தது. 2008 பிப்ரவரி 27-க்கு முன்னர் விண்ணப்பித்து, முடிவுக்காகக் காத்திருந்தோரின் மனுக்களைக் கனடா சட்டமியற்றி ரத்து செய்தது. குடும்பத்தினரையும் சேர்த்து ஏறத்தாழ 2.8 லட்சம் பேர் பாதிக்கப்பட்டனர். கட்டணம் வட்டியின்றித் திருப்பித் தரப்படும், இழப்பீடு கோர உரிமை இல்லை என்று அச்சட்டமே கூறியது. நீதிமன்றத்தை நாடியவர்களுக்கும் நிவாரணம் கிட்டவில்லை.

பிரிட்டனின் அனுபவம் வேறுவிதமானது. வேலை உத்தரவாதம் தேவையில்லை என்ற வாக்குறுதியுடன் 2002-இல் தொடங்கிய உயர்திறன் குடியேற்றத் திட்டத்தின் விதிகள், 2006 நவம்பரில் திருத்தப்பட்டன. ஏற்கெனவே குடிபெயர்ந்து வந்துவிட்டவர்களுக்கும் அவை பொருந்தும் என்று அறிவிக்கப்பட்டது. அவர்கள் ஒன்றுதிரண்டு வழக்குத் தொடுத்தனர். 2008 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. நாட்டுக்குள் இருந்தவர்களுக்கு அமைப்பும் குரலும் இருந்தன. வெளியே வரிசையில் நின்றவர்களுக்கு அவை இல்லை.

யாரைக் குடியேற அனுமதிப்பது என்பது அந்தந்த நாட்டின் இறையாண்மைக்கு உட்பட்டது. 2025-ஆம் ஆண்டுக்கு 5 லட்சம் பேர் என நிர்ணயித்திருந்த இலக்கை, 2024 அக்டோபரில் 3.95 லட்சமாகக் கனடா குறைத்ததைக் குறைகூற இயலாது. ஆனால், எத்தனை பேரை அனுமதிப்பது என்பது வேறு. ஏற்கெனவே கட்டணம் பெற்றுக்கொண்ட விண்ணப்பத்தை எப்படி நடத்துவது என்பது வேறு. இரண்டாவதைப் பற்றிப் பேச இந்தியாவுக்கு இடமுண்டு.

புதுதில்லி இதுவரை யாருக்காகப் பேசியிருக்கிறது? 2022-இல் ஆஸ்திரேலியாவுடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் சமையற்கலைஞர்கள், யோகா ஆசிரியர்களுக்கு ஆண்டுக்கு 1,800 இடங்கள் பெறப்பட்டன. பிரிட்டனுடனான பேச்சில் நிறுவனங்கள் அனுப்பும் ஊழியர்களின் சமூகப் பாதுகாப்புச் சந்தாவுக்கு விலக்கு கேட்கப்பட்டது. இவை வரவேற்கத்தக்கவை. இதே மேஜையில், விண்ணப்பித்த நாளின் விதிகளின்படியே மனுக்கள் பரிசீலிக்கப்பட வேண்டும், இயலாவிடில் கட்டணம் வட்டியுடன் திருப்பித் தரப்பட வேண்டும் என்ற கோரிக்கையையும் வைப்பதில் தவறில்லை.

உள்நாட்டில் செய்ய வேண்டியவையும் உள்ளன. 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம், வெளிநாட்டு முதலாளிகளுக்கு ஆள்சேர்க்கும் முகவர்களை மனத்தில் கொண்டு எழுதப்பட்டது. முதலாளியே இல்லாத விண்ணப்பதாரரிடம் லட்சக்கணக்கில் பணம் பெறும் குடியேற்ற ஆலோசகர்கள் அதன் பிடிக்குள் எளிதில் வருவதில்லை. கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் இத்தொழிலுக்கு உரிமம் கட்டாயம். அதுபோல இங்கும் பதிவும், கட்டண ரசீதும், எழுத்துபூர்வ ஒப்பந்தமும் கட்டாயமாக்கப்பட வேண்டும். அச்சட்டத்துக்கு மாற்றாக 2021-இலும் 2025-இலும் வெளியுறவு அமைச்சகம் வரைவு மசோதாக்களை வெளியிட்டது. இறுதிச் சட்டம் இந்த ஆலோசகர்களைத் தப்பவிடக் கூடாது.

மதிப்பெண் சான்றுகளை நேரடியாக வெளிநாட்டு மதிப்பீட்டு அமைப்புக்கு அனுப்பப் பல்கலைக்கழகங்கள் மாதக்கணக்கில் தாமதிப்பதும், பணிக்கடமைகளை விவரித்துக் கடிதம் தர நிறுவனங்கள் தயங்குவதும் விண்ணப்பதாரரின் காலத்தை விழுங்குகின்றன. இவற்றுக்குக் காலக்கெடு விதிக்க எந்த வெளிநாட்டின் சம்மதமும் தேவையில்லை.

நாட்டை விட்டுச் செல்வோருக்கு அரசு ஏன் உதவ வேண்டும் என்று சிலர் கேட்கக்கூடும். உலக வங்கியின் கணக்குப்படி, 2024-இல் வெளிநாடுவாழ் இந்தியர்கள் தாயகத்துக்கு அனுப்பிய தொகை ஏறத்தாழ 12,900 கோடி டாலர். பணம் வந்துசேரும்போது பெருமிதம் கொள்ளும் அரசு, அவர்கள் புறப்படும்போது ஏமாற்றப்படுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது முறையாகாது. வரிசையில் நிற்கும் விண்ணப்பதாரர் இன்னமும் இந்தியக் குடிமகன். அவரது சேமிப்பும் இளமையும் கரைவது இந்திய மண்ணில்தான்.