சொல்லின் வேரும் தோட்டத்துப் பிள்ளையும்

இப்பினாங்கு நகரில் 1816-ம் ஆண்டு அக்டோபர் மாதம் 21-ம் நாள், ஹட்சிங்ஸ் பாதிரியாரின் முயற்சியால் பினாங்கு பிரீ ஸ்கூல் என்னும் ஆங்கிலப் பாடசாலை தோன்றிற்று. அதனுள்ளேயே தமிழுக்கென்று ஒரு வகுப்பும் வைக்கப்பட்டது. அவ்வகுப்பையே இந்நாட்டுத் தமிழ்க் கல்வியின் தொடக்கமாகக் கொண்டு 2016-ம் ஆண்டில் நம்மவர் இருநூற்றாண்டு விழாக் கொண்டாடினர். கொண்டாடியது சரியே. ஆயின், அவ்வரலாறு நமக்குப் புகட்டும் பாடத்தை மட்டும் நாம் படித்தபாடில்லை. ஆங்கிலமும் தமிழும் இத்தீவில் ஒரே கூரையின்கீழ்ப் பயிலத் தொடங்கியவை. ஒன்றிருந்தால் மற்றொன்று வாராது என்பது பிற்காலத்தார் கட்டிவிட்ட கதை என்பதே அப்பாடம்.

அக்கதையை இன்று பேசுவோர் யார்? தலைமுறை தலைமுறையாக ஆங்கிலம் பேசிவரும் நகரத்துக் கனவான்கள் பேசுகிறார்கள். "பிள்ளையைத் தமிழ்ப்பள்ளியில் விட்டால் ஆங்கிலம் கெட்டுப்போகும்" என்கிறார்கள். அவர்களைப் பார்த்துத் தோட்டத்துப் பெற்றோரும் அவ்வாறே சொல்லத் தலைப்பட்டுவிட்டனர். நல்லது, தமிழை விட்டு ஓடிவந்த பிள்ளைக்கு இவர்கள் ஆங்கிலத்தை எவ்வாறு ஊட்டுகிறார்கள் என்று பார்ப்போம். டியூஷன் வகுப்பிலே சேர்க்கிறார்கள். அங்கே அரிய சொற்கள் ஐந்நூறு, ஆயிரம் என்று அச்சடித்த பட்டியலொன்று தரப்படுகிறது. பிள்ளை அதனை இராப்பகலாய் உருப்போடுகிறது. எஸ்.பி.எம். தேர்விலோ, பல்கலைக்கழகம் புகுவார்க்கான எம்.யு.இ.டி. தேர்விலோ அவற்றுள் பத்தைக் கொட்டிவிட்டு வருகிறது. அடுத்த மாதம் அச்சொற்கள் போன இடம் தெரியாது. பொருள் தெரியாமல் மந்திரம் முணுமுணுக்கும் புரோகிதனைக் கண்டு நகைக்கும் நாம், பொருள் விளங்காமல் சொல்லை முணுமுணுக்கும்படி நம் பிள்ளைகளைப் பழக்குவதற்குக் காசும் கொடுக்கிறோம். இதற்குப் பெயர் கல்வியா?

ஆங்கிலம் என்பது மாடி வைத்த வீடு. வீடு, கை, தாய், தண்ணீர் என்பவற்றைக் குறிக்கும் அன்றாடச் சொற்கள் கீழ்த்தளத்தில் வாழ்கின்றன; அவை அம்மொழியின் பழஞ்சொற்கள். 1066-ம் ஆண்டில் நார்மண்டியர் இங்கிலாந்தை வென்று ஆட்சியையும் நீதிமன்றத்தையும் கைக்கொண்ட பின்னர்ப் பிரெஞ்சுச் சொற்களும், அதன்மேல் கற்றோர் வாயிலாக இலத்தீன் கிரேக்கச் சொற்களும் வந்து மேல்மாடியை நிரப்பின. மாட்டை மேய்த்தவன் அதைக் 'கௌ' என்றான். அதன் இறைச்சியை மேசையில் வைத்து உண்ட பிரபு 'பீஃப்' என்றான். சட்டம், வைத்தியம், விஞ்ஞானம், கம்பெனிக் கடிதம் யாவும் இன்றும் அம்மேல்மாடியிலேயே குடியிருக்கின்றன. அங்கே ஏறுதற்குரிய படிக்கட்டுத்தான் வேர்ச்சொல். பட்டியலை உருப்போடுகிறவன் ஒவ்வொரு சொல்லுக்கும் புதிதாய்ச் சுவரேறிக் குதிக்கிறான். வேரை அறிந்தவன் படியேறிச் செல்கிறான்.

அப்படிக்கட்டில் ஏறும் பழக்கம் தமிழ்ப்பிள்ளைக்குப் புதிதன்று. 'நடந்தனன்' என்னும் ஒரு சொல்லைப் பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என ஆறாகப் பிரித்துக் காட்ட நன்னூலார் எழுநூறு ஆண்டுகட்கு முன்பே வழி வகுத்தார். சொல்லைக் கண்டால் பிரித்துப் பார் என்பது நம் இலக்கணத்தின் முதற்கட்டளை. அன்றியும், இந்நாட்டுப் பிள்ளை மலாய் மொழியிலும் இதையே பழகுகிறது. 'ஆஜார்' என்னும் அடியிலிருந்து 'மெங்ஙாஜார்' என்றால் கற்பித்தல், 'பெங்ஙாஜார்' என்றால் கற்பிப்பவர், 'பெலாஜாரான்' என்றால் பாடம் என்று அது தயங்காமற் சொல்லும். இரண்டு மொழியில் வேரைத் தோண்டத் தெரிந்த பிள்ளையிடம் மூன்றாம் மொழிக்கு வந்ததும் மண்வெட்டியைப் பிடுங்கிக்கொண்டு, "மனப்பாடம் செய்" என்று கட்டளையிடுவது எந்த நியாயம்?

இன்னும் கேளுங்கள். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைக்குத் தொலைபேசி, தொலைநோக்கி, நுண்ணோக்கி, வெப்பமானி என்னும் சொற்கள் தெரியும். இவை யாவை? கிரேக்க வேர்களைப் பிரித்தெடுத்துத் தமிழிலே வார்த்தவை. 'டெலி' என்றால் தொலை. 'ஸ்கோப்' என்றால் நோக்குவது. 'மைக்ரோ' என்றால் நுண்மை. 'தெர்மோ' என்றால் வெப்பம். 'மீட்டர்' என்றால் அளப்பது. ஆங்கிலம் மட்டும் அறிந்த பிள்ளைக்கு 'டெலிஸ்கோப்' என்பது பிளவுபடாத ஒரே கல். தமிழறிந்த பிள்ளைக்கோ அதன் உறுப்பும் பொருளும் தன் மொழியிலேயே எழுதி வைக்கப்பட்டுள்ளன. எடுத்துக் காட்ட ஓர் ஆசிரியர்தான் வேண்டும். தமிழ் ஆங்கிலத்துக்குத் தடை என்போர் இதற்கு என்ன விடை சொல்கிறார்கள்?

"இவை பள்ளிக்கூடத்துப் பெருஞ்சொற்கள், தோட்டத்தானுக்கு எதற்கு?" என்பாருமுண்டு. தோட்டத்தான் பேச்சையே எடுத்துக்கொள்வோம். வெளிக்காட்டை மேற்பார்க்கும் 'கண்டக்டர்' பெயரிலே, நடத்திச் செல்லுதல் என்னும் பொருளுடைய இலத்தீன் வேர் இருக்கிறது. சம்பளச் சீட்டிலே 'டிடக்ஷன்' என்று ஒரு பத்தி உண்டே, அதுவும் அவ்வேரே. உம் கூலியிலிருந்து ஒரு பகுதியை நடத்திக் கொண்டுபோய்விட்டார்கள் என்பது பொருள். 'புரொடக்ஷன்' என்பது முன்னே கொண்டுவருதல். 'ரிடக்ஷன்' என்பது பின்னே கொண்டுபோதல். ஒரு வேர் தெரிந்தால் நான்கு சொல்லும் பிடிபடுகின்றன. 'மானேஜர்' என்பதன் வேர் கை. உரத்தைக் குறிக்கும் 'மெனியூர்' என்பதன் வேரும் அதே கை. நிலத்தில் கையால் உழைத்தல் என்பது அதன் பழம்பொருள். துரையின் பட்டமும் எருக்குழியின் பெயரும் ஒரு கையிலிருந்து முளைத்தவை என்று அறிந்த பிள்ளை, பிறப்பினாலே உயர்வு பேசுவோரைக் கண்டு அஞ்சுமா?

நிற்க. இதனை நான் எழுதப் புகுந்தது சொல்விளையாட்டுக்காக அன்று. நான் ஒரு தோட்டத்துக் கிராணி. ஆங்கிலத்தின் வழியே படித்தவன். சில ஆண்டுகளுக்கு முன், நான் வேலைபார்த்த தோட்டத்தை மூடி, ஆட்களை நிறுத்தினார்கள். முப்பதாண்டு பால்வெட்டிய ஓர் அம்மையார் தமக்கு வந்த கடிதத்தை என்னிடம் நீட்டி, "கிராணி ஐயா, இதிலே என்ன எழுதியிருக்குது?" என்று கேட்டார். அதிலே 'எக்ஸ் கிரேஷியா' என்று ஒரு தொகை குறித்திருந்தது. அச்சொல்லை நான் எத்தனையோ முறை தட்டச்சு செய்திருக்கிறேன். ஆயினும், "காசு கொடுக்கிறாங்கம்மா, கையெழுத்துப் போடுங்க" என்றுமட்டும் சொன்னேன். அவர் கையெழுத்திட்டார். "கொடுத்தவன் நல்லாயிருக்கட்டும்" என்று வாழ்த்திவிட்டும் போனார்.

அன்றிரவு அகராதியைப் புரட்டினேன். 'எக்ஸ் கிரேஷியா' என்றால் 'கருணையினால்' என்று பொருள். அதாவது, கொடுக்கக் கடமையில்லை, இரங்கிக் கொடுக்கிறோம் என்பது. 'காம்பென்சேஷன்' என்பதோ எடைக்கு எடை நிறுத்துக் கொடுப்பது. 'பென்ஷன்', 'எக்ஸ்பென்ஸ்' முதலியனவும் நிறுத்தலைக் குறிக்கும் அதே குடும்பம். ஒன்று பிச்சை, மற்றொன்று உரிமை. 'ரிட்ரெஞ்ச்மென்ட்' என்று கடிதத்தில் கண்டதன் வேர் வெட்டுதல். நிலத்தில் வெட்டும் பள்ளத்துக்கு 'டிரெஞ்ச்' என்பதும் அதனாலேயே. இந்நாட்டில் 1980-ம் ஆண்டின் பணிநிறுத்தப் பயன் விதிகளின்படி, ஐந்தாண்டும் அதற்கு மேலும் உழைத்த தொழிலாளிக்கு ஆண்டொன்றுக்கு 20 நாட் சம்பளத்துக்குக் குறையாமற் கொடுத்தல் வேண்டும். முப்பதாண்டுக்கு 600 நாட் சம்பளம். இது கருணையன்று, கடன். சட்டப்படி வரவேண்டியது எவ்வளவு, இரக்கத்தால் வந்தது எவ்வளவு என்று பிரித்துக் கேட்கும் வாய்ப்பை அவ்வம்மையார்க்கு நான் கொடுக்கவில்லை. எனக்குச் சொல் தெரிந்திருந்தது, வேர் தெரிந்திருக்கவில்லை. என் ஆங்கிலப் படிப்பின் இலட்சணம் அது!

சொல்லின் வேரை அறியாமையால் நாம் சுமந்த இழிவுகளையும் எண்ணிப் பாருங்கள். நம் பாட்டன்மாரை வெள்ளைக்காரர் 'கூலி' என்றழைத்தனர். அச்சொல் குஜராத்தின் கோலி என்னும் இனப்பெயரிலிருந்து வந்ததென்பாரும், தமிழிலிருந்து வந்ததென்பாரும் அறிஞருள் உளர். எவ்வாறாயினும், தமிழிலே கூலி என்பது உழைப்பின் விலை, உழைப்பவனின் பெயரன்று. மனிதனை அவன் வாங்கும் காசின் பெயரால் அழைத்ததே அக்காலத்தின் கொடுமை. 'பரையா' என்னும் ஆங்கிலச் சொல்லோ பறையர் என்னும் தமிழ்ச்சொல்லே. பதினேழாம் நூற்றாண்டில் அங்கே புகுந்து, பின்னர் ஒதுக்கப்பட்டவன் என்று பொருள் விரிந்தது. 2011-ம் ஆண்டில், ஐந்தாம் படிவப் பாடநூலாயிருந்த 'இன்டர்லோக்' என்னும் மலாய் நாவலிலே அச்சொல் வந்ததென்று நம்மவர் கொதித்தெழுந்தனர். அவ்வாண்டின் இறுதியில் அது திரும்பப் பெறப்பட்டது. கொதித்தது நியாயமே. ஆனால் அவ்விழிவின் வேர் எந்த நாட்டு மண்ணிலிருந்தது? பாடநூலினின்று நீக்கக் கேட்ட நாம், நம் கல்யாணப் பேச்சினின்று அதை நீக்கிவிட்டோமா? வேரை அறிவதென்றால் பிறர் குற்றத்தை மட்டும் அறிவதன்று; நம் குற்றத்தையும் அறிவதாகும்.

இனி மறுப்போரைக் கவனிப்போம். பண்டிதர் சிலர், "இலத்தீன் கிரேக்க ஆராய்ச்சி தமிழனுக்கு எதற்கு?" என்பர். பினாங்கிலே அப்பள்ளி தோன்றிய அதே 1816-ம் ஆண்டில், சென்னையிலே எல்லிஸ் என்னும் ஆங்கிலேயர், காம்பெலின் தெலுங்கு இலக்கணத்துக்கு எழுதிய குறிப்பில், தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகியவற்றின் வேர்களை ஒப்பிட்டு, இவை சமஸ்கிருதத்திற் பிறந்தவையல்ல, ஒரு தனிக் குடும்பம் என்று காட்டினார். 1856-ம் ஆண்டில் கால்டுவெல் அதனை விரித்து நாட்டினார். வடமொழியின் பிள்ளை என்று தாழ்த்தப்பட்ட தமிழுக்குத் தலைநிமிர்வு தந்தது வேராராய்ச்சியே. அதனால் வாழ்ந்த நாம் அதனை வேண்டாமென்பது நன்றிகெட்ட பேச்சு.

மற்றொரு சாரார், "வேர் சில வேளை ஏமாற்றும்" என்பர். உண்மைதான். 'இன்' என்னும் முன்னொட்டு பல சொற்களில் இல்லாமையைக் குறிக்கும். ஆயின் மருந்துப் பீப்பாயின்மேல் 'இன்ஃபிளேமபிள்' என்றிருந்தால், தீப்பற்றாது என்று நம்பிச் சுருட்டுப் பற்றவைப்பவன் சுட்டுக்கொள்வான். எளிதில் தீப்பற்றும் என்பதே அதன் பொருள். அங்கே 'இன்' என்பது உள்ளே என்னும் வேறு முன்னொட்டு. ஆகவே வேரை அறிந்தபின் அகராதியையும் பார்த்தல் வேண்டும். தராசு சிலபோது பிழைக்குமென்று நிறுக்காமலே வாங்குவார் உண்டோ?

1923-ம் ஆண்டில் மலாய்க் கூட்டரசு நாடுகளின் தொழிலாளர் சட்டம், ஏழு முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்கச் சொல்லிற்று. ஆங்கிலத்துக்கு ஏறும் படி வைக்கச் சொல்லவில்லை. இன்று அக்காலமன்று. தமிழ்ப்பள்ளிகளிலே மும்மொழியும் கற்பிக்கப்படுகின்றன. பினாங்கு மாநிலத்தில் மட்டும் 28 தமிழ்ப்பள்ளிகள் உள. அவற்றின் ஆசிரியர்களையும், கோயில் மண்டபங்களில் மாலை வகுப்பு நடத்தும் இளைஞர்களையும் வேண்டுவது இது: வாரத்துக்கு ஒரு வேர் போதும். அதனைத் தமிழிலே விளக்குங்கள். அவ்வேரில் முளைத்த சொற்கள் பத்தைப் பிள்ளைகளே தேடிவரட்டும். சம்பளச் சீட்டிலும், மருந்துப் புட்டியிலும், வங்கிக் கடிதத்திலும் தேடட்டும். ஆண்டுக்கு நாற்பது வாரம் நடத்தினால் நாற்பது வேர், நானூறு சொல். உருப்போட்ட ஆயிரத்தினும் அந்நானூறு நிலைத்து நிற்கும், மேலும் முளைக்கும்.

பெற்றோரே, தமிழைப் பிடுங்கிவிட்டுப் பிள்ளைக்கு ஆங்கிலத்தைக் கொடுக்க முடியாது. பிடுங்குகின்ற இடத்திலேதான் அதன் திறவுகோல் கிடக்கிறது. இன்னும் எத்தனையோ தோட்டங்கள் விற்கப்படும். எத்தனையோ கடிதங்கள் வரும். அவற்றைப் பிரித்துப் படித்து, "ஆயா, இது தருமமில்லை, உங்களுக்குச் சேரவேண்டிய காசு, கணக்கைக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்" என்று சொல்ல ஒரு பேரப்பிள்ளை வீட்டிலே இருக்கவேண்டும். கிராணியை நம்பியிராதீர்கள்.