எடுக்கக் கூடாத புதையல்

"என்னம்மா, ஏதாவது தொலைச்சுட்டீங்களா?"

பெங்களூரில் ஒரு பூங்கா. சனிக்கிழமை காலை எட்டு மணி. நான் ஒரு கல் பெஞ்சிக்குப் பின்னால் மண்டி போட்டு உட்கார்ந்து, வலது கையை முழங்கை வரை அதன் அடியில் விட்டுத் துழாவிக்கொண்டிருக்கிறேன். கேட்டவர் பூங்காக் காவலாளி. முதலில் கன்னடத்தில் கேட்டார், என் கையில் ஒரு கட்டெறும்பு கடித்து நான் "ஐயோ!" என்றதும் தமிழுக்கு மாறிக்கொண்டார்.

என்ன பதில் சொல்வது? நீங்களே சொல்லுங்கள். "முன்பின் தெரியாத யாரோ ஒருவர் இங்கே ஒரு டப்பாவை ஒளித்து வைத்திருக்கிறார். அதைக் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் காகிதத்தில் என் பெயரை எழுதி, டப்பாவைப் பழையபடி அங்கேயே வைத்துவிட்டுப் போவதற்காக 60 கிலோமீட்டருக்கு மேல் பிரயாணம் செய்து வந்திருக்கிறேன்" என்று சொன்னால் அந்த மனுஷர் என்னைப் பற்றி என்ன நினைப்பார்? ஆகவே, "கம்மல் திருகாணி விழுந்துடுச்சு" என்றேன்.

பாவம், நல்ல மனுஷர். தடியைக் கீழே வைத்துவிட்டு அவரும் குனிந்து தேட ஆரம்பித்துவிட்டார்! இருபது நிமிஷம், இல்லாத திருகாணியை இரண்டு பேருமாகத் தேடினோம். அவர் பக்கத்தில் இருந்ததால் இருக்கிற டப்பாவைத் தேட முடியாமல் போய்விட்டது.

இந்த விளையாட்டுக்கு 'ஜியோகேஷிங்' என்று பெயர். வாயில் நுழையாவிட்டால் பரவாயில்லை. எங்கள் வீட்டில் 'டப்பா தேடுவது' என்றுதான் சொல்கிறோம். பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகன் எனக்குப் பிடித்துவிட்ட பைத்தியம் இது.

வானத்தில் சுற்றும் செயற்கைக் கோள்களிடமிருந்து நாம் பூமியில் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்துகொள்ளும் வசதி இருக்கிறதல்லவா? இப்போது வாடகைக் கார்க்காரர் நம் வாசலைக் கண்டுபிடித்து வருவது அதனால்தான். ஒரு காலத்தில் அமெரிக்க அரசாங்கம் பொது ஜனங்களுக்குக் கிடைக்கும் கணக்கில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தது. 100 மீட்டர் வரை தள்ளிக் காட்டும். 2000-ஆம் ஆண்டு மே 2-ஆம் தேதி அந்தப் பிழையை நீக்கினார்கள். மறுநாளே டேவ் உல்மர் என்பவர், கணக்கு சரியாக இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்க, ஆரிகன் மாகாணத்தில் பீவர்கிரீக் என்ற ஊருக்கருகில் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் வாளியை வைத்தார். அதன் அட்சரேகை, தீர்க்கரேகைகளைக் கம்ப்யூட்டரில் எல்லோருக்கும் அறிவித்தார். வாளிக்குள் புத்தகம், உண்டிவில், ஒரு டின் பீன்ஸ் இப்படிச் சில சாமான்கள். சில நாளைக்குள் ஆட்கள் தேடிக் கண்டுபிடித்துவிட்டார்கள். அங்கே ஆரம்பித்தது இன்று உலகம் முழுவதும் பரவியிருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை. அந்த முதல் வாளி பாதி மண்ணில் புதைந்திருந்தது. உள்ளே தின்பண்டமும் இருந்தது. இன்றைய விதிப்படி இரண்டுமே கூடாது! மண்ணைத் தோண்டக் கூடாது. மிருகங்களை இழுக்கும் உணவுப் பண்டம் எதுவும் வைக்கக் கூடாது. இந்த இரண்டையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் எனக்குப் பிற்பாடு பாடம் கிடைத்தது.

வெள்ளைக்காரர்களுக்கு இந்த ஆசை புதிதல்ல. 1854-லேயே இங்கிலாந்தில் டார்ட்மூர் என்ற மேட்டு நிலத்தில் ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி, நடந்து போக மிகவும் கஷ்டமான ஓர் இடத்தில் ஒரு பாட்டிலை வைத்தாராம். அவ்வளவு தூரம் வந்தவர்கள் தங்கள் விசிட்டிங் கார்டை அதில் போட்டுவிட்டுத் திரும்புவார்களாம். வந்ததற்கு அத்தாட்சி, அவ்வளவுதான்.

டப்பாவுக்குள் என்னதான் இருக்கும் என்று கேட்பீர்கள். ஒரு சின்ன நோட்டு, பெயர் எழுத. பெரிய டப்பாவானால் பட்டன், சாவி வளையம், பொம்மை. ஒன்றை எடுத்தால் அதற்கு ஈடாக ஒன்றை வைக்க வேண்டும். முதல் டப்பாவில் நான் ஒரு சின்னக் கோல அச்சை வைத்தேன். அதை எடுத்தவர் எந்த தேசத்துக்காரரோ, என்ன செய்கிறாரோ!

இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்கிறீர்களா? ஒன்று சொல்கிறேன், சகோதரிகளே. எனக்கு வயது ஐம்பத்து மூன்று. இத்தனை வருஷத்தில் காரணம் இல்லாமல் நான் வீட்டை விட்டு வெளியே போனதே கிடையாது. காய்கறி, கோயில், பள்ளிக்கூடம், டாக்டர், கல்யாணம், சாவு. எங்கே போகிறாய் என்று யாராவது கேட்டால் சொல்வதற்கு ஒரு பதில் கையில் இருக்க வேண்டும். சும்மா ஒரு தெருவில் நடந்து, சும்மா ஒரு மரத்தை நின்று பார்ப்பது ஆண்பிள்ளைகளுக்கு உண்டு. நமக்கு? அந்த டப்பா ஒரு சாக்கு. அது இல்லாமலிருந்தால் அந்தப் பூங்காவின் பின்பக்கத்தில் அத்தனை பெரிய மழைமரம் நிற்பது எனக்கு இந்த ஜன்மத்தில் தெரிந்திருக்காது.

தொல்லைகளும் இல்லாமல் இல்லை. செல்போனில் வரும் அம்பு 'நாலு மீட்டர்' என்று காட்டும். நாலு எட்டு வைத்தால் 'ஒன்பது மீட்டர்' என்று திரும்பிக்கொள்ளும். அடர்ந்த மரத்தடியில் பம்பரமாகச் சுழலும். ஒரு மட்டில் கணக்கு ஓய்ந்து கண்தான் வேலை செய்ய வேண்டும். ஒரு தடவை டப்பா இருந்த இடத்தையே பெருக்கி அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். இன்னொன்றில் காகிதம் மழையில் ஊறி அப்பளமாவாகக் கிடந்தது. நம் தேசத்தில் டப்பாக்களும் குறைவு. வெறுங்கையோடு திரும்பினால் அடுத்ததற்கு அரை நாள் போக வேண்டும். அதோடு, கிடைக்கவில்லை என்றால் 'கிடைக்கவில்லை' என்று ஊரறிய எழுதுவதுதான் மரியாதை. மனசு வருமா? எனக்கு முதலில் வரவில்லை.

எங்கள் வீட்டுக்காரர் ஆரம்பத்தில் காரில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். ஒரு நாள் கீழே இறங்கி ஓர் அறிவிப்புப் பலகையின் கம்பத்தில் சாய்ந்து வேர்க்கடலை தின்றவருடைய விரலில், காந்தம் வைத்து ஒட்டியிருந்த சுண்டுவிரல் நுனியளவு டப்பா தட்டுப்பட்டது. மகனும் நானும் முக்கால் மணி நேரமாகத் தேடிய டப்பா! அன்றிலிருந்து இந்த வித்தையில் தாமே குரு என்று அவருக்கு நினைப்பு.

சரி, நம் ஊரிலும் ஒன்று வைப்போமே என்றான் மகன். எங்கள் ஊர் தேன்கனிக்கோட்டை. ஓசூரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர். பேட்டராய சுவாமி கோயில், சுற்றிலும் ராகிக் கொல்லைகள், அப்பால் காடு. தெருவில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் கேட்கும். காட்டுப் பக்கம் வைப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. ராகி முற்றும் காலத்தில் பன்னார்கட்டாப் பக்கத்திலிருந்து யானைகள் கூட்டமாக வந்து இறங்கும் ஊர் இது. கொல்லைக் காவலுக்குப் போனவர்கள் உயிரோடு திரும்பாத வீடுகள் இருக்கின்றன.

அப்போதுதான் அவனுக்கு ஒரு நடுகல் ஞாபகம் வந்தது. எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் நடுகல்லுக்குப் பஞ்சமே இல்லை. கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்துக்குப் போனால் நிறையப் பார்க்கலாம். வேடியப்பன் என்று இன்றும் பூஜை நடக்கும் கற்களும் உண்டு. இவன் சொன்ன கல் பக்கத்துக் கிராமத்து எல்லையில், புளியமரத்தடியில். பாய்கிற புலியின் வாய்க்குள் ஒருவன் வாளைச் செருகுகிறான். "டப்பாவைத் தேடி வருகிறவங்களாவது இதைப் பார்ப்பாங்கம்மா" என்றான். எனக்கும் சரியென்றே பட்டது. கல்லுக்குப் பின்னால் பொந்து ஏதாவது இருக்கிறதா என்று இருவரும் குனிந்து பார்த்தோம்.

"ஏம் தாயி, நோண்ட வந்தீங்களா?"

ஆடு மேய்க்கிற ஓர் அவ்வா. எழுபது வயதுக்கு மேல் இருக்கும். திருகாணிக் கதை அவளிடம் செல்லாது என்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. மகன் எல்லாவற்றையும் பொறுமையாக எடுத்துச் சொன்னான். நாங்கள் எதையும் எடுக்க வரவில்லை, ஒரு டப்பாவை வைக்கத்தான் வந்தோம் என்றான்.

அவள் எங்களைப் புளியமரத்தின் மறுபக்கம் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே இன்னொரு கல் இரண்டாகப் பிளந்து குப்புறக் கிடந்தது. பக்கத்தில் ஆள் உயரக் குழி. மழைத் தண்ணீர் தேங்கியிருந்தது. ஓர் அமாவாசை ராத்திரி யாரோ எலுமிச்சம்பழமும் குங்குமமும் வைத்துப் பூஜை போட்டு, புதையல் என்று தோண்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். இந்தச் சீமையில் இது புதிதல்ல. மல்லசந்திரத்து மலை மேல் ஆயிரக்கணக்கான வருஷமாக நின்ற கற்திட்டைகளில் பலவற்றுக்கும் இதே கதிதான்.

"அதுல என்ன கெடச்சுது அவ்வா?" என்று கேட்டேன்.

"கல்லுக்கடியில மண்ணுதான் இருக்கும். வேறென்ன இருக்கும்?" என்றாள். பிறகு மகனைப் பார்த்து, "நீ வைக்கத்தான் வந்தே, சரி. நாளைக்கு வர்றவனுக்கு அது தெரியுமா? இங்கே ஒண்ணு ஒளிச்சு வெச்சிருக்குன்னு நீ போன்ல எழுதினா, கடப்பாரையை எடுத்துக்கிட்டு வருவான் சாமி" என்றாள்.

பத்துப் பக்கம் விதி படித்திருந்த எங்களுக்கு இது தோன்றவில்லையே! மகன் டப்பாவைப் பைக்குள் போட்டுக்கொண்டான். புலியோடு சண்டை போட்டவன் யார் என்று கேட்டேன். "எங்க ஆளுதான்" என்றாள், நேற்று நடந்ததுபோல.

கடைசியில் டப்பாவை எங்கள் வீட்டுச் சுற்றுச்சுவரிலேயே வைத்தோம். தெருப் பக்கம், கருங்கல் இடுக்கில். சொந்தச் சுவருக்கு யாரைக் கேட்க வேண்டும்? முதலில் வைத்தது பழைய ஊறுகாய் பாட்டில். மூன்று தரம் புளி போட்டுத் தேய்த்தும் வாசனை போகாமல் தெரு எறும்பு முழுவதும் குடியேறிவிட்டது. அப்புறம் வீட்டுக்காரருடைய பழைய காமிராவின் பிலிம் டப்பாவை வைத்தோம். இடத்தைச் சரிபார்க்கத் தொண்டர் ஒருவர் இருக்கிறார். ஒரு டப்பாவுக்கும் அடுத்ததற்கும் 161 மீட்டராவது இருக்க வேண்டும் என்பார். எங்கள் ஊரில் அந்தத் தொல்லை இல்லை!

ஐந்து மாதம் ஒருவரும் வரவில்லை. தெருவில் யாராவது செல்போனைப் பார்த்தபடி மெதுவாக நடந்தால் ஜன்னலுக்கு ஓடுவேன். மழைக்கு இரண்டு முறை காகிதத்தை மாற்றினேன். வீட்டுக்காரர், "உன் டப்பாவுக்கு யாராவது வரன் வந்தாங்களா?" என்று கேலி செய்வார்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் நாலு மணிக்கு, இரண்டு பெண்கள் வந்தார்கள். இருபது வயதுக்குள்தான் இருக்கும். ஓசூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் வேலை செய்து விடுதியில் தங்கியிருக்கும் பெண்கள் என்று பார்த்தாலே தெரிந்தது. ஒருத்தி சுவரைத் தடவிக்கொண்டே வந்தாள். மற்றவள் தெருவுக்குக் காவல். எதிர்வீட்டு அம்மாள் விடுவாளா? "என்னம்மா தேடறீங்க?" என்று திண்ணையிலிருந்தே கேட்டாள்.

"கம்மல் விழுந்துடுச்சு ஆன்ட்டி" என்றாள் காவல்காரி.

ஜன்னலுக்குப் பின்னால் நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். வெளியே போய் இடத்தைக் காட்டிவிடலாமா என்று கால் துடித்தது. காட்டக் கூடாது. கடியாரத்தைப் பார்த்தபடி நின்றேன். பதினாலாவது நிமிஷம் ஒரு சின்னக் கூச்சல், பிறகு சிரிப்பு. ஏதோ எழுதினார்கள், டப்பாவை இடுக்கில் செருகினார்கள், பஸ் ஸ்டாண்டு பக்கம் ஓட்டமும் நடையுமாகப் போய்விட்டார்கள்.

அவர்கள் தெரு முனை திரும்பியதும் போய் எடுத்துப் பார்த்தேன். நான் வைத்திருந்த சிவப்பு மணியைக் காணோம். அதற்குப் பதில் ஒரு கறுப்பு ஹேர்பின். காகிதத்தில் தேதி, இரண்டு பெயர்கள், கீழே பொடி எழுத்தில்: 'விடுதி நோட்டில் கடைக்குப் போகிறோம் என்று எழுதிவிட்டு வந்தோம். ஆறு மணிக்குள் போக வேண்டும்.'

காகிதத்தைச் சுருட்டி உள்ளே வைத்து, டப்பாவை மூடி, இடுக்கில் செருகிக்கொண்டிருந்தேன்.

"அந்தப் பொண்ணோட கம்மல் கெடச்சுதா?" என்றாள் எதிர்வீட்டு அம்மாள்.

"கெடச்சுடுச்சு" என்றேன்.