தேடிப் பெறும் பரிசு

குழந்தையின் ஜன்மதினத்தன்று பொம்மையைக் கடையில் வாங்கி அப்படியே கையில் திணிப்பதைக் காட்டிலும், அதை ஒளித்துவைத்து, குறிப்புச் சீட்டுகளின் துணைகொண்டு தெருத்தெருவாய்த் தேடிக் கண்டெடுக்கச் செய்வதே சிலாக்கியம் என்பது என் அபிப்பிராயம். கிச்சுக்கிச்சுத் தாம்பாளம் ஆடி மணலைக் கிளறிய நமக்கு இது அந்நியச் சரக்கன்று. சிதம்பரத்தை அடுத்த குமராட்சிப் பக்கத்தாருக்கோ கதைக்கும் பஞ்சமில்லை: திருநாரையூர் நம்பியாண்டார் நம்பி, பொல்லாப் பிள்ளையாரின் அருளால் தேவார ஏடுகள் இருக்குமிடம் அறிந்து சொல்ல, தில்லைக்குச் சென்ற ராஜராஜன், தேவாரம் பாடிய மூவர் முதலிகள் நேரில் வந்தாலன்றிக் கதவு திறவாது என்ற தடைக்கு அம்மூவரின் திருவுருவங்களையே எழுந்தருளச் செய்து விடைகண்டு, உள்ளே கறையான் புற்று மூடிக்கிடந்த அவ்வேடுகளை எண்ணெய் சொரிந்து மீட்டான் என்பது ஐதீகம். இதைவிட ரசமான விடுகதையை எந்தத் தகப்பன் சிருஷ்டிக்கப் போகிறான்? பனையோலை நறுக்கில் குறிப்பெழுதி, முதல் ஓலையைப் பிள்ளையார் கோயில் வாசலில் வைத்து, மூன்று சிறுவர் கூடிவந்தால்தான் பெட்டியின் சாவி கிடைக்கும் என்று நிபந்தனை விதித்தால் போதும், செலவும் சொற்பம். கொள்ளிடக் கரையில் மட்டும் ஓலையை ஒளிக்காதீர்கள். அங்கே முதலைகள் உண்டு.